எஸ்ரா பிம்மின் பதக்கம்

எஸ்ரா பிம் எனக்குப் பதினோரு ஷில்லிங் நாலரைப் பென்னி பாக்கி வைத்திருந்தான். அதற்காக நான் அவனைக் கொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடச் சொன்னார் கோர்ட்டுக் கிளார்க் ஐயா. கடனுக்காகக் கொன்றது என்றால் அதற்கு வேறு படிவமாம்.

என் பெயர் ஜேபஸ் டக்வெல். வயது ஐம்பத்திரண்டு. காஸ்போர்ட்டில் கப்பல்களுக்குப் பிஸ்கட் சுடுகிற கிடங்கில் மாவு மூட்டை சுமக்கிறேன். எழுத்து கற்றுக்கொண்டது நாற்பத்தொன்பதாவது வயதில், ஜெபக்கூடத்துப் பின்னறையில், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில். முழங்கால் முகவாயில் இடிக்கும். மூட்டை தூக்கிப் பழகிய கைக்குப் பேனாவின் கனமே தெரிவதில்லை. அழுத்தி எழுதித் தாள் கிழிந்துபோகிறது. இது மூன்றாவது தாள். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு சரக்குக் கப்பலில் வேலை. ஜிப்ரால்டரில் கரை தொட்டபோது ராஜாவின் போர்க்கப்பல்கள் அல்ஜியர்ஸ் நகரத்தை அடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஆள் போதவில்லை என்று என்னை 'லாப்விங்' என்ற கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கப்பல் ஆட்களின் பெயரைப் பேரேட்டில் எழுதுகிற கணக்கனிடம் போய் நின்றேன். "மை கீழ் அறையில இருக்குடா தம்பி. சண்டை முடியட்டும், எழுதிக்கலாம்" என்றான். சண்டையில் வந்த முதல் குண்டே அவன் மேசையையும் அவனையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. நான் ஏழாம் நம்பர் பீரங்கியில் நின்றேன். எட்டு மணி நேரம் நின்றேன். இடது காது அன்றைக்குப் போனதுதான். சண்டை முடிந்ததும் காயம்பட்டவர்களோடு என்னையும் வேறு கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பேரேட்டில் என் பெயர் ஏறவே இல்லை.

அது எனக்குத் தெரியாது. போன வருஷந்தான் தெரிந்தது.

பழைய சண்டைகளில் கலந்துகொண்டு இன்னும் உயிரோடு இருக்கிற மாலுமிகளுக்கெல்லாம் ராணி வெள்ளிப் பதக்கம் கொடுக்கிறாள், எழுதிக் கேட்டால் போதும் என்று சொன்னார்கள். நான் எழுதிக் கேட்டேன். அதுதான் என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடிதம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பதில் வந்தது. அதுதான் எனக்கு வந்த முதல் கடிதம். யாரிடமும் கொடுக்காமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு மணி நேரம் படித்ததில் விளங்கியது இவ்வளவுதான்: லாப்விங் பேரேட்டில் அப்படி ஒரு பெயர் கிடையாது, நான் அங்கே இருக்கவில்லை.

நான் குடியிருப்பது 'மூன்று நண்டு' மதுக்கடையின் மாடியில். கடை டார்கஸ் ஹிபர்ட் அம்மாளுடையது. புருஷன் இல்லாமல் தனியாகவே நடத்துகிறாள். பதினோரு வருஷமாக அங்கே உட்கார்ந்து அல்ஜியர்ஸ் கதை சொல்லி வந்திருக்கிறேன். பதில் கடிதத்துக்குப் பிறகு அதையும் சொல்ல முடியவில்லை. படகுக்காரன் நோவா காப் சும்மா விடமாட்டான்.

"ஏன் ஜேபஸு, பீரங்கி சுட்டேன் சுட்டேன்னியே, எதுல வெச்சுச் சுட்ட? பிஸ்கட் அடுப்புலயா?"

"விடுப்பா, அவரு காது நெஜமாவே போச்சே" என்பாள் ஹிபர்ட் அம்மாள்.

"அது உங்க பாட்டைக் கேட்டுப் போயிருக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பெரிய மனஸ்தாபம் ஒன்றும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

இப்போது எஸ்ரா பிம்மைப் பற்றி. கடற்படையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கப்பல் பேரேட்டிலும் பிறக்காத ஆள் ஒன்றிரண்டு பேரின் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பெயருக்கு மாதச் சம்பளம் எழுதப்படும். அந்தச் சம்பளம் செத்துப்போன கப்பல் அதிகாரிகளின் மனைவிமார் நிதிக்குப் போகும். விதவைகளின் ஆள் என்று அதற்குப் பெயர். லாப்விங்கில் அப்படி இருந்தவன் எஸ்ரா பிம். கணக்கன் விளையாட்டாக வைத்த பெயர். கப்பலில் எது நடந்தாலும் பழி அவன் தலையில்தான். பானை உடைந்தால் எஸ்ரா பிம். பன்றிக்கறி குறைந்தால் எஸ்ரா பிம். நான் அந்தக் கப்பலில் இருந்தது சில நாள்தான், அதற்குள் அவனை எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஆக, இருந்த எனக்குப் பேரேட்டில் பெயர் இல்லை. இல்லாத அவனுக்கு இருந்தது. நான் இரண்டாவது கடிதம் எழுதினேன், எஸ்ரா பிம் என்று கையெழுத்துப் போட்டு, மேற்பார்வை ஜேபஸ் டக்வெல், மூன்று நண்டு என்று விலாசம் கொடுத்து. ஆள் உயிரோடு இருப்பதாகப் பாதிரியார் சான்று கொடுக்க வேண்டும். ஆளைப் பார்க்க வேண்டுமே என்றார் பாதிரியார். "இப்பத்தான் சாமி கொல்லைப்பக்கம் போனார். வயிறு சரியில்லை" என்றேன். பாதிரியார் கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டு, விளக்கெண்ணெயும் கொடுத்தார்.

பதக்கம் பிப்ரவரியில் வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. வெள்ளி. ஒரு பக்கம் ராணியின் தலை. மறுபக்கம் கடல்குதிரை மேல் ஒரு பெண். வெள்ளை நாடா, ஓரத்தில் நீலம். நாடாவின் மேல் அல்ஜியர்ஸ் என்று ஒரு பட்டை. விளிம்பைச் சுற்றி எஸ்ரா பிம் என்று பெயர் பொறித்திருந்தது. பெயரைப் பொறிப்பார்கள் என்று நான் யோசிக்காமல் போனேன். மார்பில் குத்திக்கொண்டு வெளியே போக முடியாது. எவனாவது விளிம்பைத் திருப்பிப் பார்ப்பான்.

அதைவிட மோசம், பொட்டலத்தை எனக்கு முன்னால் ஹிபர்ட் அம்மாள் பிரித்துவிட்டாள்.

"கனமா இருந்துச்சு, பிரிச்சுட்டேன். யாரு இந்த எஸ்ரா பிம்?"

"என் கப்பல் சிநேகிதன். ஏழாம் பீரங்கியில கூட நின்னவன்."

"அப்ப நீ சொன்னதெல்லாம் நெஜமா?" என்றாள். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "அந்த மகராசன் எங்க இருக்காரு?"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இவன் எனக்குச் சாட்சி சொல்லலாமே.

"வந்துகிட்டே இருக்கான்" என்றேன்.

சனிக்கிழமை வந்துவிட்டான். பின்படிக்கட்டு வழியாக ஏற்றிவிட்டேன் என்று சொன்னேன். வாதக் கால், இறங்க முடியாது. முகத்தில் வெடிமருந்துத் தீக்காயம், யாரும் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது. ஹிபர்ட் அம்மாள் பதக்கத்தைக் கடையில் கணப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் அதைப் பார்க்க வந்து குடித்தார்கள். பதினோரு வருஷத்தில் என் தட்டில் கட்டைவிரலைவிடப் பெரிய கறித்துண்டு வைத்தவள் இல்லை அவள். இப்போது மாடிக்குத் தினமும் பட்டாணிக் கஞ்சி, பன்றிக்கறி, ஆட்டு ஈரல் போட்ட மாவுப் பணியாரம் எல்லாம் போயிற்று. எஸ்ரா எதையும் தொடமாட்டான். எல்லாவற்றையும் நானே சாப்பிட வேண்டியிருந்தது. ஒருத்தி பார்த்துப் பார்த்துச் சமைத்து அனுப்புகிறாள், அதை மதிக்கத் தெரியவில்லை. அவன் குணத்துக்கு இது ஒன்றே போதும்.

பீர் மட்டும் காசுக்குத்தான். ஊர் வழக்கப்படி சிநேகிதனுக்கு ஒரு குவளை வாங்காமல் நான் மட்டும் குடிக்க முடியாது. தினமும் இரண்டு குவளை மாடிக்கு எடுத்துப்போவேன். குவளை இரண்டு பென்னி. அவன் பங்கை நோட்டில் எழுதி வந்தேன். அறுபத்தெட்டு நாள், அறுபத்தெட்டுக் குவளை. ஒருநாள் அரைப் பென்னிக்குப் புகையிலை. அந்தக் கணக்குத்தான் முதல் வரியில் எழுதியிருப்பது. அவன் குவளையை யார் குடித்தது என்று கான்ஸ்டபிள் கேட்டார். வீணாக்கக் கூடாது என்று நான்தான் குடித்தேன். ஆனால் அது அவன் பீர்.

ஏப்ரலில் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதியதாக ஒரு கடிதத்தைக் கடையில் படித்தேன். 'நானும் ஜேபஸ் டக்வெல்லும் அல்ஜியர்ஸில் ஏழாம் பீரங்கியில் ஒன்றாக நின்றோம். அவன் சிங்கம்.' சிங்கம் என்பது கொஞ்சம் அதிகம் என்று பிறகு தோன்றியது.

நோவா காப் தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் வெகுநேரம் பார்த்தான்.

"இது நீ எழுதினதுதானே?"

"அவன் சொன்னான். நான் எழுதினேன்."

"நீ சிங்கம்னு நீயே எழுதிக்கிட்டா ஆச்சா? அவரு வாயால சொல்லட்டும். வாங்கப்பா மேல போவோம்."

நான் முன்னால் ஓடி அறைக்குள் போய்த் தாழ் போட்டேன். எட்டுப் பேர் படிக்கட்டில் நின்றார்கள். ஹிபர்ட் அம்மாள் கதவைத் தட்டினாள்.

"பிம் ஐயா, தூங்குறீங்களா? நம்ம ஆளுங்க ரெண்டு கேள்வி கேக்கணுமாம். கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்கம்மா" என்றான் எஸ்ரா. அவன் குரல் அடித்தொண்டையிலிருந்து வரும், கரகரவென்று. எனக்கு அந்தக் குரல் வருவதற்கு முகவாயை நெஞ்சில் அழுத்திக்கொள்ள வேண்டும்.

எத்தனை பீரங்கி என்று கேட்டார்கள். சொன்னான். அல்ஜியர்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நகரம் மலைமேல் வெள்ளையாகக் காய வைத்த துணி மாதிரி இருந்தது, சாயங்காலம் அந்தத் துணி முழுக்கத் தீப்பிடித்தது என்றான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முப்பத்துமூன்று வருஷமாக நான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், இவ்வளவு நன்றாக ஒருநாளும் வரவில்லை. படிக்கட்டில் கை தட்டினார்கள். ஹிபர்ட் அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

பிறகு நோவா காப் கேட்டான். "எல்லாஞ் சரி ஐயா. நம்ம ஜேபஸ் டக்வெல் அங்க உங்ககூட இருந்தானா?"

இங்கே கவனமாக எழுதுகிறேன். நான் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்காகத்தானே அவனைக் கூட்டிவந்து இத்தனை நாள் வைத்துச் சோறு போட்டது. ஆனால் வெளியே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் அவனுக்கு. அவன் முந்திக்கொண்டான்.

"எந்த ஜேபஸ்?" என்றான்.

படிக்கட்டு அதிரச் சிரித்தார்கள். ஒருவன் உருண்டே விழுந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது உண்மை. இரண்டு குரல் கேட்டது, நாற்காலி விழுந்தது என்று ஹிபர்ட் அம்மாள் சொன்னதும் உண்மை. நாற்காலியைத் தள்ளியவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து முடித்துவிட்டேன். அவனுக்கென்று வாங்கியிருந்த பழைய நீலக் கோட்டில், கிடங்கில் கழித்துப்போட்ட வண்டு விழுந்த பிஸ்கட்டைத் திணித்துத் தைத்தேன். கடலில் செத்தவனைத் தொங்குபடுக்கையில் வைத்துத் தைத்துக் காலடியில் இரண்டு இரும்புக் குண்டு வைப்பது வழக்கம். குண்டு கிடைக்கவில்லை, கல் வைத்தேன். அவன் நடத்தை எப்படி இருந்தாலும் மாலுமிக்குரிய மரியாதையை நான் குறைக்கவில்லை. துறை மேடைக்குத் தூக்கிப்போய் விளிம்பில் நிறுத்தினேன்.

நோவா காப் படகிலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். நான் ஒருத்தனைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து உலுக்கியதாகவும், அந்த ஆள் கெஞ்சியதைக் காதால் கேட்டதாகவும். சரிதான். கெஞ்சினான். கெஞ்சுவதற்கு நான் இடம் கொடுத்தேன், அவசரப்படுத்தவில்லை. கடைசியாக ஒருமுறை கேட்டேன்: "ஏழாம் பீரங்கியில நான் இருந்தேனா இல்லையா?" ஞாபகம் இல்லை என்றான். தள்ளிவிட்டேன்.

ஊரில் அவன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான் என்றேன். நன்றியில்லாதவன் என்று யாரும் அவனைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார்கள், சரியாகக் கவனிக்கவில்லை என்று.

நான் யோசிக்காதது ஒன்று. பிஸ்கட் ஊறும். கல் கட்டிய கயிறு அறுந்து, ஒன்பதாம் நாள் படகுத்துறைப் படியில் கோட்டு வந்து ஒதுங்கியது, பொத்தான் தெறிக்க உப்பி. கிட்டப்பார்வைக்கார வைத்தியர் கோட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் துழாவினார். "பாவம், நல்ல உடம்புக்காரர்" என்றார். தலை எங்கே என்று ஒருவன் கேட்டதற்கு நண்டு தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

கொடி போர்த்தி அடக்கம் செய்தார்கள். கிடங்குக்கு அரைநாள் விடுமுறை. ஊறின பிஸ்கட்டுக்குப் பாதிரியார் முக்கால் மணி நேரம் ஜெபம் செய்தார். சுமைக்காரன் என்பதால் பெட்டியின் ஒரு முனையில் என்னையும் நிறுத்தினார்கள். அவ்வளவு பேர் அழுது நான் பார்த்ததில்லை. கல்லறைக்கல் வைக்க ஊரில் நாலு பவுன் சேர்ந்தது. நான் செத்தால் இதில் கால்வாசிக் கூட்டம் வருமா என்று நினைத்துக்கொண்டே சுமந்தேன். அடக்கச் சாப்பாட்டில் ஆட்டுக்கறி வைத்திருந்தார்கள். முதல் கவளத்திலேயே நோவா காப்புக்குத் துறை மேடையில் பார்த்தது நினைவுக்கு வந்துவிட்டது. கான்ஸ்டபிள் என்னைச் சாப்பிட்டு முடிக்க விட்டார். நல்ல மனுஷன்.

மறுநாள் கிளார்க் ஐயா குற்றப்பத்திரிகையைப் படித்துக் காட்டினார். 'லாப்விங் கப்பலின் முன்னாள் மாலுமியும், அல்ஜியர்ஸ் சண்டையில் ஏழாம் பீரங்கியில் எஸ்ரா பிம்முடன் நின்றவனுமாகிய ஜேபஸ் டக்வெல்' என்று ஆரம்பித்தது. நான் நிறுத்தச் சொன்னேன். இதை யார் சொன்னது என்று கேட்டேன்.

"படகுக்காரர் நோவா காப் வேதத்துல கை வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கார். நீங்க ரெண்டு பேரும் ஒரே பீரங்கியில நின்னவங்கன்னு ஊருக்கே தெரியுமாம். பழைய பகைன்னார்."

அந்த வரியை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னேன். படித்தார். மூன்றாம் தடவை தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். அரசாங்க முத்திரை போட்ட தாள். என் பெயரும் கப்பல் பெயரும் ஒரே வரியில். நான் எழுத்துக்கூட்டாமலே படித்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கெசையா பிம் என்று ஒரு அம்மாள் டீல் ஊரிலிருந்து கறுப்பு உடையில் வந்தாள். பத்திரிகையில் பார்த்தாளாம். எஸ்ராவின் மனைவி என்று சொல்லி அழுது பதக்கத்தையும் நாலு பவுனையும் கேட்டாள். ஹிபர்ட் அம்மாள் கட்டிப்பிடித்துக் கூடவே அழுதாள். பிறகு அந்த அம்மாள் சிறையில் என்னைப் பார்க்க வந்து, காவலர் நகர்ந்ததும் கம்பிக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"கோவிச்சுக்காம சொல்லுங்கண்ணே. எம் புருஷன் பார்க்க எப்படி இருப்பாரு? பாதிரியார் கேப்பாரு."

உயரம், வாதக் கால், கரகரத்த குரல் என்று சொன்னேன். மனதில் வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு அவன் யாரும்மா?" என்றேன்.

"நெஜப் புருஷன் கப்பல் தச்சன். கடல்ல போனான், இருந்தப்பவும் ஒரு பென்னி தந்தவனில்ல. அந்த விதவைங்க நிதியிலதான் பதினெட்டு வருஷம் அடுப்பெரிஞ்சுது. யாரு சம்பளம் அது? இந்த எஸ்ரா பிம் மாதிரி ஆளுங்க சம்பளந்தானே? சோறு போட்டவன் புருஷன் இல்லாம யாரு?"

 அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நல்ல குடும்பத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக வருத்தமாக இருந்தது.

நேற்றுக் கிளார்க் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்யா டக்வெல், இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்படி ஒரு ஆளே இல்லைன்னு எழுதிக் குடு. குற்றப்பத்திரிகையைக் கிழிச்சுப் போட்டுடறேன். பதக்கத்துக்குப் பொய் எழுதினதுக்கு நீதிபதி நாலு திட்டு திட்டுவார், அபராதம் போடுவார். வீட்டுக்குப் போயிடலாம்."

"முழுசையும் கிழிப்பீங்களா ஐயா? முதல் வரியையுமா?"

"வரி வரியாவா கிழிப்பாங்க?"

ஆகவே யோசித்து இதை எழுதுகிறேன். எஸ்ரா பிம் என்று ஒருவன் பிறக்கவே இல்லை, இது உண்மை. அவனை நான் கொன்றேன், இதுவும் உண்மை. கேட்டு, காத்திருந்து, தெரிந்தேதான் கொன்றேன். குற்றப்பத்திரிகையில் உள்ளது ஒவ்வொரு சொல்லும் சரி என்று ஒப்புக்கொள்கிறேன், முக்கியமாக முதல் வரி. தயவுசெய்து எதையும் கிழிக்க வேண்டாம். இங்கே படுக்கை பரவாயில்லை, மூட்டையும் இல்லை.

கடைசியாகப் பாக்கி விஷயம். நான் கணக்கைச் சொன்னதும் கெசையா அம்மாள் போவதற்கு முன் கம்பிக்கு அடியில் பதினோரு ஷில்லிங் நாலு பென்னியை எண்ணி வைத்தாள். புருஷன் கடனோடு மண்ணுக்குள் இருக்கக் கூடாதாம். அரைப் பென்னி குறைந்தது. அதை நான் தள்ளிவிட்டேன், அந்தப் புகையிலையை நானும் கொஞ்சம் பிடித்திருக்கிறேன். நோட்டில் கோடு போட்டாயிற்று. இனி அவனுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. மோசமான ஆள் என்று சொல்லமாட்டேன். ஒரே ஒருதடவை, அந்தக் கதவுக்குப் பின்னால், ஆமாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பான்.